நடுத்தண்ணீர்

ஐம்பத்தோரு வயதில் ஐஸ்காரருக்குத் தினமும் சவரம் செய்துகொள்ளும் பழக்கம் வந்தது. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மனைவி நாலு தடவை சொன்ன பிறகு, கன்னத்தில் சோப்பைத் தடவுகிற ஆள். இப்போது விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, காதோரம் ஒரு முடி விடாமல் மழித்துக்கொண்டு, ஏழரை மணி வேலைக்கு ஆறரைக்கே கிளம்பினார். அவர் மனைவி தையல்காரி. மெஷினில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவெடுக்கிறவள் கண்ணுக்கு அரை இஞ்ச் வித்தியாசம் தப்பாது. புருஷன் விஷயத்தில் வித்தியாசம் அரை இஞ்சோடு நிற்கவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை அவர்கள் வீடு. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைகளின் மூட்டை. பின்னறையில் அடுப்பும் கட்டிலும். மகள் கல்யாணமாகி வேறு ஊர் போய் மூன்று வருஷமாகிறது. அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சண்டை ஒன்றும் கிடையாது. அவர் வந்து துண்டை உதறிப் போடுவார், அவள் தட்டை எடுத்து வைப்பாள், "உப்பு" என்றால் உப்பை நகர்த்துவாள். அவர் தன்னுடையவர் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மடியில் கிடக்கிற கத்தரிக்கோலை இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்த்துக்கொள்வதில்லை.

தொட்டுப் பார்க்க வைத்தவள் அவர் தங்கை. பின்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். பாவாடைக்கு விளிம்பு அடிக்கக் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் சீருடை மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"எப்படியும் கேட்டுட்டுத்தான் போகப்போற. கேளு."

"அண்ணன் மூணு சட்டை கொண்டுவந்து தேய்க்கக் குடுத்தார். கையில கஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்னு வேற சொன்னார். ஐஸ் கட்டி இழுக்கிறவருக்கு எதுக்கண்ணி கஞ்சி போட்ட சட்டை?"

"முதலாளி யாராவது வர்றாங்களோ என்னமோ."

"தினமுமா வர்றாங்க? அதுவுமில்லாம பாட்டு வேற. என் கடையைத் தாண்டிப் போறப்ப முனகிட்டே போறார். எங்கண்ணன் பாடி நான் கேட்டதே இல்ல. சின்ன வயசுல கேட்டிருக்கேன், அப்ப நாங்கதான் நிறுத்தச் சொல்லிடுவோம்."

தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு தடவை தவறியது. "உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

"எனக்கென்ன தோணுது. ஐஸ் வாங்க வர்றதுல பாதிப் பேர் பொம்பளைங்க. மீன் கூடை வச்சிருக்கறவ, ஜூஸ் கடைக்காரி, எத்தனை பேர். அம்பதுக்கு மேல இதெல்லாம் எங்க வரப்போகுதுன்னு நாம நினைப்போம். அம்பதுக்கு மேலதான் அண்ணி வருது. அதுக்கு முன்னாடி வேலை சரியா இருக்கும்."

"உன் வாய்க்கு ஒரு இஸ்திரி போடணும்."

"நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று எழுந்து போனாள் நாத்தனார். நல்லதுக்குச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டவள்தான் பாவாடை விளிம்பைக் கோணலாக அடித்துவிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் அவள் கண் அவர் மேலேயே இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, யாருக்காகவோ சிரித்ததில் மிச்சம். வலது கை விரல்நுனிகள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. ஐஸ் வேலைக்காரன் கை வெளுப்பது புதிதில்லை. ஆனால் இந்த வெளுப்பு விரலோடு நிற்காமல் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. ஆவி பறக்கச் சோற்றை வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஆறட்டும்."

"சூடா இல்லேன்னா தட்டைத் தூக்கி எறிவீங்களே."

"அப்படியா?" என்றார், வேறு யாரைப் பற்றியோ கேட்கிறவர் போல.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளுக்கு வாயைப் பிடுங்கிப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. "முதல் வீட்டுல எப்படி ஒழுகும், ஞாபகம் இருக்கா? ஏழு பாத்திரம் வச்சோம். எட்டாவது இடத்துக்குப் பாத்திரம் இல்லாம நீங்க போய் அங்கயே உட்கார்ந்துக்கிட்டீங்க."

"எந்த வீடு?"

"அச்சாபீஸுக்குப் பின்னாடி இருந்ததே. கல்யாணமாகி முதல்ல குடிபோனது."

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அங்க நாம இருந்தோமா?"

மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறந்துவிட்டார் என்றால் அது இன்னும் மோசம். ஒருத்திக்கு இடம் வேண்டுமென்று இன்னொருத்தியைப் பெட்டி படுக்கையோடு வெளியே வைத்ததுபோல இருந்தது. மழையில் நனைந்து சிரித்த அந்த மனிதரைத்தான் அவள் இருபத்து நாலு வருஷமாக இந்த மனிதருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை எவளோ கொண்டுபோய்விட்டாள். வயிறு எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே எரிந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மெஷினை மூடி வைத்துவிட்டு, டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பினாள். கல்யாணமான முதல் வருஷம் தினமும் அப்படிப் போயிருக்கிறாள். கம்பெனி மீன் சந்தையை ஒட்டி, ஜன்னல் இல்லாத நீளக் கட்டடம். வாசலிலேயே அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். உள்ளே கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்திப் பேசவேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் எண்ணெய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். எந்நேரமும் கையில் எண்ணெய்ச் சொம்பு, தோளில் கறுத்த துணி. இவளைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நீ எதுக்கு வந்த?"

"சாப்பாடு கொண்டாந்தேன். எங்க அவரு?"

"மேலதான். தொட்டியில." அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "குடு, நான் குடுத்துடறேன்."

"யாரு அண்ணே அவ?"

எண்ணெய்க்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். "கொஞ்ச நாளா கட்டி எல்லாம் நடுவுல வெள்ளை விழுந்து வருதுன்னு சந்தையில சத்தம் போடுறாங்க. உம் புருஷன் வார்த்த கட்டியில வெள்ளை விழுந்து நான் பார்த்ததில்ல. இப்ப மூலையில ஒரு டின்னுல அவர் நடுத்தண்ணி எடுக்கிறதையே விட்டுட்டார். அங்கயே உட்கார்ந்திருந்தா மத்த டின்னையும் யாரு பார்க்கிறது?"

ஐஸ் வார்ப்பவர்களுக்கு நடுத்தண்ணீர் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். ஆள் உயர டின்களில் தண்ணீரை நிரப்பி, உறைகுளிரில் இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். உறைகிற தண்ணீர் தன்னிடமுள்ள அழுக்கையெல்லாம் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் கட்டியின் நடுவில் ஒரு குழி அளவு தண்ணீர் உறையாமல் நிற்கும். அதை ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினால்தான் கட்டி கண்ணாடியாக வரும். தண்ணீருக்குள் இருக்கக்கூடாத எதுவும் நடுவில் வந்துதான் சேரும்.

"கிணத்துல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் எண்ணெய்க்காரர்.

ஊருக்கே ஞாபகம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வானத்திலிருந்து பச்சையாக ஏதோ கோடு கிழித்துக்கொண்டு வந்து கம்பெனிக் கிணற்றில் விழுந்தது. அதிகாரிகள் வந்தார்கள், காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், ஒரு துருப்பிடித்த வாளி கிடைத்தது. எழுதிக்கொண்டு போனார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் கம்பெனிக்கு.

"அது உசுரோட இருக்கு தங்கச்சி. உறைய மாட்டேங்குது. கைய விட்டா, கைச்சூட்டோட சேர்த்து ஒரு ஞாபகத்தையும் எடுத்துக்குது. நானும் ஒருநாள் விரலை விட்டேன். எதைக் குடுத்தேன்னு தெரியல. தெரிஞ்சாத்தான் குடுக்கலையே. மறுநாள் பயந்துபோய் மறுபடி விட்டுக் கேட்டேன். சின்ன வயசுல நான் ஓடின தெரு ஒண்ணு திரும்ப வந்துச்சு. கேட்டா குடுத்துடுது. ஆனா இவர் கேக்குறதில்ல. அதுக்கிட்ட இருந்தாத்தான் அதைக் கேட்டுட்டே இருக்கலாமாம்."

"எதைக் கேட்டுட்டே இருக்கலாம்?"

"நீயே போய்ப் பாரு," என்று விலகி நின்றார்.

ஆறு படி ஏறினால் தொட்டியின் மேல்தளம். வரிசையாக மரமூடிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு டின். கடைக்கோடியில் ஒரு மூடி திறந்து கிடந்தது. அவர் மண்டியிட்டு, கஞ்சி போட்ட சட்டையின் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முழங்கை முங்க டின்னுக்குள் கையை விட்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பெண்குரல் கேட்டது. கம்ப்ரஸர் சத்தத்துக்கு அடியில், காதோடு பேசுகிற நெருக்கத்தில் கேட்டது.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு ஏன் இவ்ளோ நேரம்? நான் எவ்வளவு நேரமா வாசலையே பார்த்துட்டு இருக்கேன் தெரியுமா?"

அப்புறம் ஒரு சிரிப்பு. தையல்காரி மரமூடிமேல் அப்படியே நின்றாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இருபது வயதில் அவளுக்கு இருந்த குரல். புருஷன் படியேறும் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிய பெண்ணின் குரல். அந்தக் குரல் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. போனதையும் அதுவரை அவள் கவனித்ததில்லை.

கிட்டே போய்க் குனிந்தாள். சுற்றிலும் ஐஸ் சுவர், நடுவில் தண்ணீர். தண்ணீர் என்றால் அது அசையாமல் இருக்கவேண்டும். இது மூச்சு விட்டது. உள்ளே பால் திரிந்த மாதிரி வெள்ளை இழைகள் அவர் கையைச் சுற்றிச் சுற்றி ஏறி, தோலுக்குள் நுழைந்த இடம் தெரியாமல் நுழைந்திருந்தன.

"என்னங்க," என்றாள். அவளுடைய இன்றைய குரல் கரகரத்தது.

"சத்தம் போடாத. பயந்துக்கும்."

"யாரு பயந்துக்கும்? அது நான்ங்க. அது பேசுறது நான் பேசினது."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஒரு சாயலைத் தேடி முகம் முழுக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. "நீயா?" என்றார். அதில் கேலி இல்லை, அதுதான் அவளைக் கொன்றது.

தண்ணீர் சுழித்தது. "யாருங்க அது வாசல்ல?" என்று கேட்டது, அவள் குரலில், கொஞ்சம் பொறாமையோடு. பொறாமையும் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில் பால்காரி வந்து பேசிக்கொண்டு நின்றால் இப்படித்தான் கேட்பாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஐஸ்காரர் தண்ணீரைப் பார்த்து. "வீட்டுல இருக்கிறவங்க. சாப்பாடு கொண்டாந்திருக்காங்க."

அவள் படியிறங்கியது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. எண்ணெய்க்காரர் சாக்கைப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"முழங்கைக்குக் கீழ அவருக்கு உணர்ச்சியே இல்ல," என்றார் அவர். "தோள் வரைக்கும் வெளுத்துட்டா என்ன ஆகும்னு தெரியல. நெஞ்சு பக்கத்துலதானே இருக்கு."

"அதை எப்படிச் சாகடிக்கிறது?"

"சூடு ஆகாது. கரண்ட் போய்த் தொட்டி இளகின அன்னிக்கு அழுதுச்சு. உன் குரல்லதான். நீதான் மேல எங்கயோ மாட்டிக்கிட்டேன்னு ஓடினேன்." எண்ணெய்ச் சொம்பை எடுத்தார், வைத்தார். "ஆனா அவசரப்படாத. உம் புருஷன் குடுத்தது அத்தனையும் அதுக்குள்ள இருக்கு. நீ கைய விட்டு அவருக்காகக் கேட்டுப் பாரு. குடுக்கும்னுதான் நினைக்கிறேன்."

"நான் போய் அதுக்கிட்ட கையேந்தணுமா?"

"தங்கச்சி, ரெண்டு நாள் பொறுத்துக் கேட்டுப் பாரு."

இரண்டு நாள் பொறுக்கவும் செய்தாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் அவர் சவரம் செய்துகொண்டார், முனகினார், ஆறரைக்குக் கிளம்பினார். மகள் போனில் பேசியபோது "யாரு?" என்று கேட்டார். போனைப் பிடுங்கி "அப்பாவுக்குச் சளி, காது அடைச்சிருக்கு" என்று சமாளித்தாள். இராமுழுக்க அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொண்டாள். அவளும் முயன்று பார்த்தாள். சாயங்காலம் அவர் படியேறும்போது வாசலுக்கு ஓடி, "வந்துட்டீங்களா?" என்றாள். நாற்பத்து நாலு வயதுத் தொண்டையில் அது கடன்காரனைக் கேட்பதுபோல ஒலித்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "ம்" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனாள். எண்ணெய்க்காரர் அவரைக் கெஞ்சிக் கீழே கூட்டிவந்து, சாக்கின்மேல் உட்காரவைத்துச் சாப்பிடவைத்தார். அவள் மேலே ஏறினாள். கேட்கத்தான் போனாள். சத்தியமாகக் கேட்கத்தான் போனாள்.

மூடியைத் திறந்தாள். இழைகள் மேலே வந்து, அவள் விரலுக்காகக் காத்துநின்றன.

"அவருடையதைக் குடுத்துடு," என்றாள்.

"கைய விடு, தர்றேன்," என்றது அது. இப்போது அவர் குரல். இருபத்தேழு வயதுக் குரல். "எல்லாம் இருக்கு. எதுவும் கெடல." பிறகு, தானாகவே, அவர் அவளிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னது. "எட்டாவது பாத்திரம் இல்லாம நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப இவ சிரிச்சா. இந்தச் சிரிப்பு எனக்கே எனக்குன்னு இருக்கிறதை நினைச்சா பயமா இருந்துச்சு. நான் எவ்வளவு பெரிய ஆளுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இதை இவகிட்ட ஒருநாள் சொல்லணும்னு நினைச்சேன்."

தையல்காரிக்குக் கண் நிறைந்தது. கை தானாக நீண்டது. தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

சொல்லணும்னு நினைச்சவர் இருபத்து நாலு வருஷம் சொல்லவில்லை. உப்பு என்றார், துண்டு எங்கே என்றார், இதைச் சொல்லவில்லை. இதுக்கிட்ட வந்து, மண்டியிட்டு, முழங்கை முங்கக் கையைக் கொடுத்துச் சொல்லியிருக்கிறார். அவளுக்கென்று எடுத்துவைத்ததை இது முதலில் கேட்டுவிட்டது. கேட்டதோடு விடாமல், பிச்சை போடுவதுபோல அவளுக்கே திருப்பிப் போடுகிறது.

கையை இழுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய ரப்பர் குழாயை எடுத்தாள். கல்யாணமான முதல் வருஷம் அவர்தான் அவள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தார்: பித்தளை மூக்கை அடிவரை விடணும், அப்புறம் ஸ்விட்ச்சைப் போடணும். விட்டாள். போட்டாள்.

அது அழத் தொடங்கியது அவள் குரலில்தான். முதலில் இருபது வயதுக் குரல், பிறகு அவர் குரல், கடைசியில் மகள் குழந்தையாக இருந்தபோது அழுத குரல். அவள் குழாயை எடுக்கவில்லை. குழாயின் மறுமுனை, கம்ப்ரஸரைக் குளிர்வித்த சுடுதண்ணீர் கட்டடத்துக்கு வெளியே ஓடும் வாய்க்காலில் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் வெள்ளையாக நுரைத்தது, பிறகு நுரையும் வெயிலில் காய்ந்தது. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கையோடு படியேறி ஓடி வந்தார். டின்னைப் பார்த்தார். நடுவில் வெறும் குழி. மரமூடிமேல் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கை ஒரு மாதத்தில் தேறிவிட்டது. விரல் மடங்கியது, வெளுப்பு இறங்கியது. டாக்டர் நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துத் தன் கைராசி என்று சொல்லிக்கொண்டார். கட்டிகள் மறுபடி கண்ணாடியாக வந்தன. சந்தையில் எல்லோருக்கும் சந்தோஷம். நாத்தனார் வந்து, "அண்ணன் பழையபடி ஆயிட்டார் அண்ணி, சட்டை தேய்க்கக் குடுக்கிறதே இல்ல," என்றாள். தையல்காரி ஆமாம் என்றாள்.

வீட்டில் அவர் மரியாதையாக இருந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே எடுத்துக்கிறேன்," என்றார். இவள் உங்கள் மனைவி என்று எண்ணெய்க்காரர் சொன்னார், அவள் கல்யாணப் படத்தைக் காட்டினாள். சரி என்று ஒத்துக்கொண்டார். பாயை முன்னறையில் விரித்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம், வேலைவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா? நீங்க தைக்கிறதால இந்தத் தெருவுல எல்லா வீடும் தெரிஞ்சிருக்கும்."

"கேளுங்க."

"ஒரு பொண்ணு. தொட்டிமேல எங்கிட்டப் பேசுவா. திடீர்னு வர்றதில்ல. என்னமோ கோபம் போல. எந்த வீடுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

மெஷின் நின்றது. நான்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அன்றைக்கு அதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் தேடிப் பார்த்த முகத்தில் அந்தப் பெண் இல்லை.

"விசாரிக்கிறேன்," என்றாள். பிறகு அடக்கமாட்டாமல் கேட்டாள். "அழகா இருப்பாளா?"

"முகம் பார்த்ததில்லீங்க." அவர் ஜன்னல் ஓரமாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆனா எப்படி இருப்பான்னு தெரியும். சொல்லவா?"

"சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார். ஓடிவருவதைச் சொன்னார், சிரிப்பதைச் சொன்னார், கோபித்துக்கொண்டால் எத்தனை நேரம் பேசாமல் இருப்பாள் என்று சொன்னார். வாழ்நாளில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. தெருவிளக்கு எரியும்வரை பேசினார். தையல்காரி மடியில் துணியை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.